சாவியை யாரிடம் கொடுப்பது?

அம்மா மதுரையில் தனியாக இருக்கிறார். அப்பா காலமான பிறகு எங்களோடு சிங்கப்பூருக்கு வந்துவிடும்படி எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் காலையிலிருந்து மாலைவரை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து என்ன செய்வது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆகவே இந்த முறை ஊருக்குப் போனபோது விடுமுறையை உறவினர் வீடுகளுக்கும் கோயில்களுக்கும் பங்கு போடவில்லை. அம்மாவுக்கு ஊரில் என்னென்ன சேவைகள் கிடைக்கின்றன, யாரை நம்பி எதை ஒப்படைக்கலாம் என்று பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. வயதான பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டில் இருக்கும் எல்லாருக்கும் இந்தக் கவலை உண்டு. அவர்களில் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்தை ஏற்பாடு செய்தேன். பேச்சு நயமாக இருந்தது, முன்பணமும் கறாராக வாங்கினார்கள். அம்மாவின் ரத்த அழுத்தம், சர்க்கரை அளவெல்லாம் பார்த்த உடனேயே என் கைபேசிக்கு வந்துவிடும் என்றார்கள். வரவும் செய்தது. ஆனால் வந்த பெண் ஒவ்வொரு முறையும் வேறு ஒருத்தி. கதவைத் திறந்த அம்மாவிடமே, நோயாளி எங்கே என்று கேட்டவர்களும் உண்டு. அந்தப் பெண்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வெகு தொலைவிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிறார்கள், ஒரு வீட்டில் பத்து நிமிடம் உட்கார அவர்களுக்கு நேரம் கிடையாது. ஒரே ஆளை அனுப்புங்கள் என்று கேட்டேன். அப்படி உறுதி கொடுக்க முடியாது என்றார்கள். வாரம் ஒரு முறை அளவு பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டேன். வீட்டுச் சாவியை அவர்களிடம் கொடுத்துவைக்கலாம் என்ற எண்ணம் அதோடு போயிற்று.

அஞ்சல்காரர் விஷயம் நேர் எதிர். அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது, அதற்கு ஆண்டுதோறும் உயிரோடு இருப்பதாகச் சான்று தர வேண்டும். முன்பெல்லாம் கருவூலத்துக்கு நேரில் போய் வரிசையில் காத்திருப்பார்கள். இப்போது அஞ்சல்காரரே வீட்டுக்கு வந்து, 70 ரூபாய் கட்டணத்தில் உயிர்வாழ் சான்றிதழைப் பதிந்து கொடுக்கிறார். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி மூலம் 2020 நவம்பரில் தொடங்கிய சேவை இது. நான் இருந்த நேரத்தில்தான் வந்தார். கைரேகைக் கருவியில் அம்மா கட்டைவிரலை வைத்தார், ஏற்கவில்லை. ஈரத் துணியால் துடைத்துவிட்டு வைத்தார், ஏற்கவில்லை. பாத்திரம் தேய்த்தும் அரிசி களைந்தும் ரேகை மழுங்கிப்போன விரல்கள். அஞ்சல்காரர் அவசரப்படவே இல்லை. வேறு வழி இருக்கிறது அம்மா என்று சொல்லி, கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துக் கண்ணைச் சிமிட்டச் சொன்னார். முகத்தை வைத்துச் சரிபார்க்கும் அந்த முறை 2021 முதல் இருக்கிறது. உடனே பதிவாகிவிட்டது. காபி குடித்துக்கொண்டே, தெருவில் இன்னும் யார் யாருக்கு இதைச் செய்ய வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். எதிர்ச் சந்தில் ஒரு பெரியவர் விழுந்து இடுப்பு முறிந்து கிடப்பது அவருக்குத் தெரியும், முதலில் அங்கே போகப் போவதாகச் சொன்னார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: இந்தச் சேவையைத் தயங்காமல் கேட்டுப் பெறுங்கள். ஆதார் எண்ணும் ஓய்வூதிய விவரமும் கையில் இருந்தால் போதும்.

இனி அம்மாவின் பிற்பகல். எங்கள் வீடு காமராசர் சாலையை ஒட்டிய சந்தில் இருக்கிறது. மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரத்தைக் கவிழ்த்துவைத்ததும் பக்கத்து வீட்டு அத்தை வந்துவிடுவார். சிவப்புச் சிமெண்டுத் தரையில் சாக்குக் கட்டியால் கட்டம் போட்டு இருவரும் தாயம் ஆடுவார்கள். அம்மாவுக்குப் புளியங்கொட்டை காய், அத்தைக்கு உடைந்த வளையல் துண்டு. பித்தளைக் கட்டைகள் இரண்டையும் உள்ளங்கைகளுக்கு நடுவே உரசி உருட்டும் சத்தம் தெருவரை கேட்கும். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். எதிராளியின் காயை ஒன்றாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்கு ஏற முடியும். மலை என்னும் பாதுகாப்புக் கட்டத்தில் நிற்கும் காயைத் தொடக்கூடாது. நான் சின்ன வயதில் ஆடியதுதான் என்றாலும், எத்தனை நாள் இவர்கள் இப்படி ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை இந்த முறைதான் கவனித்தேன்.

ஒரு நாள் அத்தை உருட்டிய கட்டையில் ஒன்று ஓடிப்போய் மரபீரோவுக்கு அடியில் நின்றுவிட்டது. அத்தை குனிந்து எட்டிப் பார்த்து, ஐந்து என்றார். ஐந்து விழுந்தால் அம்மாவின் காய் வெட்டுப்படும், இன்னொரு முறை உருட்டவும் கிடைக்கும். அம்மா குனிந்து பார்க்கவில்லை. தன் புளியங்கொட்டையைத் தானே எடுத்துக் கீழே வைத்தார். பிறகு நான் கேட்டபோது, இத்தனை வருடத்தில் அவள் விழாத எண்ணை ஒருநாளும் சொன்னதில்லை என்றார். நான் நிறுவனங்களின் விலைப்பட்டியலை ஒப்பிட்டுக்கொண்டிருந்த நாட்களில், சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அம்மா எப்போதோ விடை வைத்திருந்தார். மாற்றுச் சாவி இப்போது அத்தையின் வீட்டில், சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. இரவில் அம்மா அழைத்தால் முதலில் யார் எழுந்து வருவார், எந்த மருத்துவமனைக்குப் போவது, எனக்கு எப்போது சொல்வது என்பதையெல்லாம் அத்தையோடும் அவர் மகனோடும் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டேன்.

சேர்ந்து பொழுதைக் கழிக்கும் இடத்தில்தான் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்கிறார்கள் என்று எனக்கு அழுத்தமாகத் தோன்றியது. ஒருத்தி தோற்கும்போது எப்படி இருக்கிறாள், பிறர் பார்க்காதபோது என்ன சொல்கிறாள் என்பதை விளையாட்டு காட்டிக்கொடுக்கிறது. எந்த விண்ணப்பப் படிவத்திலும் அதற்கு இடம் கிடையாது. சிங்கப்பூரில் நம்பிக்கை இல்லை என்று சொல்ல மாட்டேன். உணவங்காடி நிலையத்தில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போனால், திரும்பி வரும்வரை அந்த இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அது அருமையான பழக்கம். ஆனால் அந்த மேசையில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர் யார் என்பது எனக்குக் கடைசிவரை தெரியாது.

மதுரையின் இரவு இட்லிக் கடைகளில் இன்னொரு வகை நம்பிக்கையைப் பார்க்கலாம். கீழவாசல் பக்கம் ஒரு தள்ளுவண்டிக் கடைக்கு நானும் என் மகளும் போனோம். கூட்டம் நெரிகிறது. ஒருவர் தட்டை நீட்டி இரண்டு இட்லி வாங்குகிறார், பிறகு இன்னும் இரண்டு, நடுவில் வடையை அவரே எடுத்துக்கொள்கிறார். யாரும் எழுதி வைப்பதில்லை. கடைசியில் கைகழுவிவிட்டு வந்து, என்ன சாப்பிட்டோம் என்று நாமே சொல்ல வேண்டும். கடைக்கார அம்மா மாவு ஊற்றிக்கொண்டே மனக்கணக்கில் தொகையைச் சொல்வார். என் மகள் சிங்கப்பூரில் பிறந்தவள். யாராவது குறைத்துச் சொன்னால் என்ன செய்வார்கள் என்று என்னிடம் கேட்டாள். அதை அவரிடமே கேட்டேன். பசித்து வந்தவன் வயிற்றில்தானே போயிருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டைக் கவனிக்கப் போய்விட்டார்.

நத்தம் போகும் பேருந்தில் நடத்துநரிடம் சில்லறை இல்லை. டிக்கெட்டின் பின்புறத்தில் மீதித் தொகையைப் பேனாவால் எழுதிக் கொடுத்துவிட்டார், இறங்கும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். பின்வாசலில் ஏறியவர்களின் பணம் கைமாறிக் கைமாறி முன்னால் போகிறது, டிக்கெட்டும் மீதியும் அதே வழியாகப் பின்னால் வருகின்றன. நடுவில் ஏழெட்டுக் கைகள். ஒரு ரூபாயும் குறையவில்லை. நகரப் பேருந்தில் இந்தக் கவலையே அம்மாவுக்கு இல்லை, சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அம்மாவும் அத்தையும் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு அதில்தான் போய்வருகிறார்கள். இருவரும் பிரகாரத்தில் தூணில் சாய்ந்து வெகு நேரம் உட்கார்ந்திருப்பார்கள். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு உள்ளே கைபேசிக்குத் தடை வந்தது. வாசலில் ஒப்படைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறார்கள். வெளியூர் அம்மாள் ஒருவர் தன் பையை என்னிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சன்னதிக்குப் போய்வந்தார். நான் யார் என்றுகூட அவர் கேட்கவில்லை.

பணம் செலுத்துவது பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ அல்லது என்ஆர்இ வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள், கைபேசியிலேயே பணம் செலுத்தும் யுபிஐ வசதியைச் சிங்கப்பூர் எண்ணிலேயே பெற முடிகிறது. 2023இல் சில நாடுகளின் எண்களுக்கு அனுமதி கொடுத்தார்கள், அதில் சிங்கப்பூரும் உண்டு. கிளம்புவதற்கு முன்பே உங்கள் வங்கியில் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள், ஊரில் இறங்கிய பிறகு அதற்காக அலைய வேண்டாம். கடைகளில் ஒலிபெருக்கிப் பெட்டி வந்த தொகையைத் தமிழில் சொல்லிவிடுகிறது. எங்கள் தெருமுனைப் பூக்காரம்மாவிடம் அந்தப் பெட்டி இல்லை, பேரனின் கணக்குக்கான க்யூஆர் அட்டை மட்டும் கூடையில் செருகியிருக்கும். மல்லிகையைத் தன் முழங்கையால் அளந்து, கடைசியில் ஒரு விரற்கடை சேர்த்தே கிள்ளுவார். பணம் போய்விட்டது என்று கைபேசியைக் காட்டினால், அதை எதற்குத் தாயி காட்டுகிறாய் என்று கையை விலக்கிவிடுகிறார்.

எல்லாமே இப்படி என்று சொன்னால் அது பொய். செயலியில் கூப்பிட்ட ஆட்டோக்காரர் ஒருவர், வண்டியில் ஏறியபின் செயலி காட்டும் தொகைக்கு வர முடியாது என்று சொல்லி, அம்மாவை நடுவழியில் இறக்கிவிடப் பார்த்தார். மூட்டுவலிக்காரரை வெயிலில் நிறுத்துகிறேன் என்று மிரட்டிக் காசு பறிப்பது அநியாயம். அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தணியவில்லை. அந்தச் செயலியில் புகார் கொடுத்தேன், தானியங்கிப் பதில் ஒன்று வந்தது. அத்தையிடம் சொன்னபோது, சந்து முனை நிறுத்தத்தில் தனக்குத் தெரிந்த ஒருவரை அழைத்து வந்தார். அதன் பிறகு அம்மாவின் மருத்துவமனைப் பயணங்கள் அவருடைய ஆட்டோவில்தான்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஊரில் ஆண்களுக்குப் பொழுதுபோக்க இடம் எத்தனையோ. டீக்கடை பெஞ்சில் நாளிதழின் ஒரு தாளைப் பிரித்துப் படித்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காரலாம், கேரம் ஆடலாம். பெண்களுக்கு வீட்டுத் தரையையும் கோயில் பிரகாரத்தையும் விட்டால் குறைவுதான். புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு மகளைக் கூட்டிப் போனேன். அங்கே போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளம்பெண்கள் நிறையப் பேர் இருந்தது மனத்துக்கு நிறைவாக இருந்தது. குழந்தைகள் பகுதியைவிட்டு மகளைக் கிளப்புவதே பெரும்பாடாகிவிட்டது. ஆனால் அம்மாவின் வயதுக்காரர்களுக்கு அவ்வளவு தூரம் தோதுப்படாது.

அவர்களுக்கு ஏற்ற இடம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் வெட்டியது, ஏறத்தாழ 16 ஏக்கர் பரப்பு. என் சிறுவயதில் தைப்பூசத் தெப்பத் திருவிழா நெருங்கும்போதுதான் தண்ணீரைப் பார்ப்போம், மற்ற நாட்களில் பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது வைகையிலிருந்து வாய்க்கால் வழியாக நீர் வந்து நிறைந்து கிடக்கிறது. மாலையில் சுற்றிலும் நடப்பவர்கள், சுண்டல் விற்பவர்கள், குழந்தைகள். மைய மண்டபத்தைப் பார்த்தபடி கைப்பிடிச் சுவர் ஓரத்தில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒருத்தியின் குழந்தையை இன்னொருத்தி மடியில் வைத்திருக்கிறாள். அவர்களோடு பேசியபோது, முதியவர்கள் சாய்ந்து உட்கார இன்னும் பெஞ்சுகளும், பெண்களுக்கென்று சுத்தமான கழிப்பறையும் கூடுதலாக இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம் என்றார்கள். நியாயமான கோரிக்கைதான் அது. பாலத்துக்கும் சாலைக்கும் செலவழிப்பதில் ஒரு துளி போதும்.

சிங்கப்பூர் திரும்புவதற்கு முன் அம்மாவையும் அத்தையையும் ஒருநாள் அங்கே அழைத்துப் போனேன். இருவருக்கும் பிடித்துவிட்டது. இனி வெள்ளிக்கிழமைகளில் கொண்டுபோய்விட்டு, ஒரு மணி நேரம் கழித்து அழைத்து வர அந்த ஆட்டோக்காரர் சம்மதித்திருக்கிறார். போக வர எவ்வளவு என்பதை என்னைப் பேசவே விடாமல் அம்மாவே பேசி முடித்துவிட்டார்.