அமேசான் பெரிய புக்கா, நம்ம மலை குட்டி புக்கா: மழைக்காடு பாடத்துக்கு எது சரிப்படும்

மூணு, நாலு, அஞ்சாம் வகுப்பு பிள்ளைகள மழைக்காட்டப் பத்தி வாசிக்க வைக்கணும்னா என்ன புக் வாங்கலாம்னு அம்பாசமுத்திரம் பக்கம் ரெண்டு மூணு டீச்சர்மார் கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்லி வாய் வலிக்கு, அதான் மொத்தமா எழுதிருதேன். என் கிளாஸ்ல ரெண்டு வகையும் ஓடிட்டுதான் இருக்கு. ஒண்ணு பெரிய சைஸ் அமேசான் பட புக், கெட்டி அட்டை, வழவழ பேப்பர். இன்னொண்ணு ஸ்டோரிவீவர்ங்கிற கதை வெப்சைட்ல இருந்து இறக்கி ஜெராக்ஸ் கடையில அடிச்ச தமிழ் குட்டி கதை புக். நான் குட்டி புக் கட்சி, அத மொதல்லயே சொல்லிருதேன்.

கேள்வி-பதில் பொது அறிவு புக்க விட்டுருங்க, "உலகின் மிகப்பெரிய மழைக்காடு எது"ன்னு கேட்டு அடுத்த வரியிலயே விடை போட்டுட்டா அதுல வாசிக்க என்ன இருக்கு. ஸ்மார்ட் போர்டு வீடியோ நல்லாதான் இருக்கும், ஆனா அது பார்க்கிறது, வாசிப்பு கணக்குல வராது.

அமேசான் புக்க குறை சொல்ல மாட்டேன். காட்ட குறுக்க வெட்டுன மாதிரி ரெண்டு பக்கத்துக்கு விரியிற படம் ஒண்ணு இருக்கும், தனியா தலை நீட்டி நிக்க ராட்சச மரம், அதுக்குக் கீழ கூரை மாதிரி மூடின மரக்கூட்டம், அதுக்கும் கீழ நிழல்ல வளர்ற செடி கொடி, அப்புறம் தரை. இந்த நாலு அடுக்க கலர்ல காட்டுறதுக்கு பெரிய புக்க அடிச்சுக்க ஆள் இல்ல. ஸ்லாத்னு மெதுவா நகர்ற மிருகத்தோட பக்கம் வந்துட்டா கிளாஸே சிரிச்சு உருளும், மூணு விரல் ஸ்லாத் மரத்துலயே கெடந்துட்டு வாரத்துக்கு ஒரு தடவ போலதான் வெளிக்கு இருக்க கீழ இறங்கும், அது முடியில பாசி படர்ந்து பச்சையா தெரியும். விஷத்தவளையோட நீலமும் மஞ்சளும் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ்ல வெறும் சாம்பல் புள்ளியா போயிரும், அந்த நிறமே "என்னத் தின்னா செத்த"ன்னு மிரட்டுறதுக்குத்தான்கும்போது நிறம் இல்லாம என்னத்த விளக்க.

குட்டி புக் பத்தி தெரியாதவங்களுக்கு: ஸ்டோரிவீவர் பிரதம் புக்ஸ்ங்கிற பதிப்பகம் 2015ல ஆரம்பிச்சது, காசு கிடையாது, ஓப்பன் லைசென்ஸ், பிரிண்ட் போட்டு குடுக்கிறதுல ஒரு வில்லங்கமும் இல்ல. லெவல் போட்டிருப்பாங்க, பிள்ளை வாசிக்கிற அளவுக்குத் தக்கன எடுத்துக்கலாம். நம்ம ஸ்கூல் பிள்ளைகளுக்கு அரசோட வாசிப்பு இயக்கத்துல நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா வர்ற மெல்லிசு புக் பழக்கம்தான், அதனால இதப் பார்த்து மிரள மாட்டாங்க. நம்ம மலைக்குன்னு ஒண்ணு வேணும்னா அந்தத் தளத்துல உள்ள படங்கள வச்சு நாமளே கதை போட்டுக்கலாம், நானும் சோலைமந்தி பத்தி ஒண்ணு போட்டு வச்சிருக்கேன். மேற்குத் தொடர்ச்சி மலைய விட்டா அந்தக் குரங்கு உலகத்துல வேற எங்கயும் கிடையாது, வெடிப்பலாவோட முள்ளுக் காய பிய்ச்சு உள்ள இருக்க கொட்டையத் திங்கும், கதைக்கு அது போதும்.

பள்ளிக்கூட வராண்டால நின்னா பொதிகை தெரியுது, களக்காடு முண்டந்துறை 1988லயே புலிகள் காப்பகம் ஆயாச்சு, மேற்குத் தொடர்ச்சி மலை 2012ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறியாச்சு, இங்கன இருந்துட்டு பிரேசில் காட்ட மட்டும் படிக்கிறதான்னு எல்லாரும் சொல்லுவாங்க. சரிதான். ஆனா நான் குட்டி புக் பக்கம் சாஞ்சது அதுக்காக இல்ல.

புக் பிள்ளையோட வீட்டுக்குப் போகுதா இல்லையா, அதான் விஷயமே. பெரிய புக் போகாது. போக விட மாட்டோம். வந்த அன்னைக்கே ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏறிரும், விலை பக்கத்துல எழுதியிருக்கும், கிழிஞ்சா யார் பதில் சொல்லன்னு பீரோவுக்குள்ள வச்சு பூட்டிருவோம், நான் மட்டும் இல்ல நாலு ஸ்கூல்ல விசாரிச்சுப் பாருங்க இதே கதைதான். வாரத்துல ஒரு பீரியட் வெளிய வரும், டீச்சர் தூக்கிப் பிடிச்சு வாசிப்பாங்க, முன் பெஞ்சு பார்க்கும், பின் பெஞ்சு எட்டிப் பார்க்கும். அப்போ வாசிச்சது யாரு? டீச்சர்தான். பிள்ளை படம் பார்த்துச்சு, அவ்வளவுதான்.

குட்டி புக் போனா போகட்டும்னு குடுத்து விட்டுரலாம். கணக்கப் பாருங்க, 16 பக்க புக்னா நடுவுல மடிச்ச ஏ4 பேப்பர் நாலு, ரெண்டு பக்கமும் அடிச்சா எட்டு ஜெராக்ஸ், ஒரு ஜெராக்ஸுக்கு 2 ரூபான்னு வச்சாலும் 16 ரூபா. தம்பி கிழிச்சான், ஆட்டுக்குட்டி மென்னுச்சுன்னு வந்து நின்னா இன்னொண்ணு அடிச்சுக்கலாம், சவத்த அழாதன்னு அனுப்பிரலாம். பக்க எண்ணிக்கை மட்டும் நாலோட மடங்கா இருக்கணும், இல்லன்னா வெத்துப் பக்கம் விழும். கடைக்காரர்கிட்ட புக்லெட் பிரிண்ட்னு சொல்லுங்க, சொல்லலன்னா ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசையா அடிச்சுருவாரு, மடிச்சா பக்கமெல்லாம் முன்ன பின்ன மாறி வரும்.

பின் அடிக்காதீங்க. சின்ன ஸ்டேப்ளர் நடுவுக்கு எட்டாது, எட்ட வச்சு அடிச்சாலும் மழைக்காலத்துல பின் துருப்பிடிச்சு நடுப்பக்கம் பூரா செங்காவியா ஊறிரும், பிள்ளை விரல்லயும் குத்தும். கோணி ஊசியால மடிப்புல மூணு ஓட்டை போட்டு, நடு ஓட்டையில ஆரம்பிச்சு மேல போயி கீழ வந்து திரும்ப நடுவுலயே முடிச்சு போடுங்க, பூ கட்டுற நூல ரெண்டா மடிச்சுக் கோத்தா தாங்கும். அஞ்சாம் வகுப்பு பிள்ளைகளே தைச்சுருவாங்க, ஓட்டைய மட்டும் நாம போட்டுக் குடுத்தா போதும்.

வீட்டுக்குப் போன புக் சும்மா திரும்பி வராது, இங்க மாஞ்சோலை எஸ்டேட்ல இருந்து கீழ வந்த குடும்பங்க நிறைய, ஆச்சிமார் அங்கன தேயிலை பறிச்சவங்க. ஒரு பிள்ளை ராத்திரி சோலைமந்தி கதைய ஆச்சிக்கு வாசிச்சுக் காட்டிட்டு மறுநாள் வந்து, "டீச்சர், மழை நின்னதும் குரங்கு வெளிய வந்துச்சுன்னு போட்டிருக்கு, எங்க ஆச்சி அது தப்புன்னு சொல்லுச்சு, மேல மழை நின்னாலும் மரத்துக்கடியில ரொம்ப நேரம் பேஞ்சுக்கிட்டேதான் கெடக்குமாம்"னு சொல்லுது. ஆச்சி சொன்னதுதான் சரி, கூரை அடுக்கு இலைகள் மழையப் பிடிச்சு வச்சு பைய பைய கீழ விடும், தரையில கெடக்க சருகும் மண்ணும் அத உறிஞ்சு ஓடையில விடும், தாமிரபரணி வெயில் காலத்துலயும் ஓடுறதுக்கு இதுவும் ஒரு காரணம். நாலு அடுக்கு படத்த எத்தனையோ தடவ காட்டியும் கூரை அடுக்கு எதுக்குன்னு ஒரு பிள்ளை கேட்டதில்ல, அன்னைக்கு கிளாஸ் பூராவும் கேட்டுச்சு. அந்த வரியையும் பென்சில்ல திருத்தியாச்சு, இப்போ கதையில மழை நின்னப்புறமும் குரங்கு நனையுது. அட்டைப்பூச்சி பக்கத்துல ஓரமா "உப்பு போடணும், சுண்ணாம்பும் போடலாம்"னு யாரோ கோணல் எழுத்துல எழுதி வச்சிருக்காங்க, வழவழ பேப்பர்ல எழுதிருந்தா நான் பிடிச்சு திட்டியிருப்பேன்.

ஒண்ணு ரெண்டாம் வகுப்புக்கு இது எடுபடுமான்னு என்னால சொல்ல முடியாது, நான் மூணுக்குக் கீழ எடுக்கல. டவுன்ல இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கும் எப்படின்னு தெரியல, அங்க ஆச்சிக்கு வாசிச்சுக் காட்ட மொழி இடிக்கலாம். காட்டப் பார்த்தவங்க வீட்டுல யாரும் இல்லாத ஊர்ல புக் திரும்பி வரும்போது இவ்வளவு கொண்டு வருமாங்கிறதும் சந்தேகம்தான். வீட்டுல ஒத்தப் பிள்ளைக்கு வாங்குறவங்கன்னா அமேசான் புக்கே வாங்குங்க, அங்க ரிஜிஸ்டரும் கிடையாது பீரோவும் கிடையாது, தலையணைக்கு அடியில வச்சுத் தூங்கட்டும்.

ஸ்கூலுக்குன்னா பெரிய புக் ஒண்ணே ஒண்ணு போதும், அடுக்கு படத்துக்கும் தவளை நிறத்துக்கும். மிச்ச காசுக்கு பூரா குட்டி புக் அடிங்க, ஒரு கதையில அஞ்சு ஆறு காப்பி இருந்தா சண்டை வராது. அட்டைய மட்டும் கலர்ல போடுங்க. ஜூன்ல ஸ்கூல் திறக்கும்போதே அடிச்சு வச்சுருங்க, ஐப்பசி மழை பிடிச்சுட்டா ஜெராக்ஸ் கடையில பேப்பர் நமத்துப்போயி மெஷின்ல சிக்கும், அந்த அண்ணாச்சி நம்மளத்தான் முறைப்பாரு.