தொப்புளில் வந்த குமிழி

லண்டனிலிருந்து மும்பை மாதுங்காவுக்குப் போனபோது தங்கை குழந்தையின் தொப்புள் காயவே இல்லை. கொடி விழுந்து வாரக்கணக்காகியும் சட்டை நனைந்துகொண்டே இருந்தது. நடுவில் சிவந்த மொட்டு. பக்கத்துக் கிளினிக்கில் போகும்போதெல்லாம் சில்வர் நைட்ரேட் குச்சியால் பொசுக்கி, "கிரானுலோமாதான், கொடி விழுந்த இடத்தில் மிகையாக வளர்ந்த சதை, ஆறிவிடும்" என்று அனுப்பினார்கள். பொசுக்கியும் ஆறாததை மறுபடி பொசுக்குவதற்கு முன் ஏன் ஆறவில்லை என்று பார்க்க வேண்டாமா? இன்னும் கோபம் அடங்கவில்லை.

லண்டனில் நிபுணரைப் பார்க்கக் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டும். இங்கே பரேலில் குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவர் அன்று மாலையே பார்த்தார். மருந்து எதுவும் எழுதவில்லை. விளக்கைத் திருப்பிவிட்டு, குழந்தை அழும்வரை குனிந்தே இருந்தார். வீறிட்டு அழுததும் மொட்டின் நுனியில் மஞ்சள் நீரோடு ஒரு குமிழி எழும்பி உடைந்தது. "பாருங்கள், குடல் காற்று" என்றார்.

ரசீதின் பின்பக்கத்தில் படம் வரைந்து காட்டினார். கருவில் குடலையும் கருவுணவுப் பையையும் இணைக்கும் குழாய் 5 முதல் 9 வாரங்களுக்குள் மறைந்துவிட வேண்டும். குடல் பக்கத்து முனை மட்டும் தங்கினால் அது மெக்கல் பிதுக்கம், சிறுகுடல் சுவரில் ஒரு சிறு பை. நூறில் 2 பேருக்கு இருக்கும், பெரும்பாலோருக்குத் தெரியாமலே போகும். நாராகத் தங்கினால் குடல் அதைச் சுற்றி முறுக்கிக்கொள்ளலாம். முழுக்கத் திறந்திருந்தால் தொப்புள் வழியே மலமே வரும். சிறுகுடல் உள்புறம் வெளியாகப் பிதுங்கவும் கூடும். அதனால்தான் தள்ளிப்போடக் கூடாது என்றார். அம்மா, "மஞ்சள் வைத்தால் போதாதா டாக்டர்?" என்று கேட்டாள். அவர் முகம் சுளிக்காமல் அதே படத்தை மறுபடி முதலிலிருந்து விளக்கினார். அந்தப் பொறுமையை நான் மறக்க மாட்டேன்.

மொட்டின் துளையில் செலுத்திய சாயம் எக்ஸ்ரேயில் நேராகச் சிறுகுடலுக்குள் ஓடியது. தொப்புளுக்குக் கீழே பிறைபோல் கீறி, குழாயை அது குடலோடு சேரும் அடிப்பகுதியோடு வெட்டி எடுத்துக் குடலைத் தைத்தார்கள். தொப்புள் தொப்புளாகவே இருக்கிறது.

டிஸ்சார்ஜ்தான் பாடாய்ப் படுத்தியது. காலையில் போகலாம் என்றார்கள். காப்பீட்டு ஒப்புதல், மருந்தகக் கணக்கு, ஒரு முத்திரை என்று கவுன்டர் கவுன்டராக அலைந்து, வீடு சேர்ந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது.