கிட் பேனாவுக்கு மேற்பூச்சு: அரக்குப் பாலிஷா, சி.ஏ. பசையா?

லேத் என்னும் கடைசல் எந்திரத்தில் மரத்தைக் கடைந்து பேனா செய்ய, பேனா கிட் என்று நாம் வாங்கும் சிறு பொட்டலத்தில் இருப்பவை எல்லாம் உலோகப் பாகங்களே. ஸ்லிம்லைன் வகை என்றால் 7 மி.மீ. துளைக்குரிய பித்தளைக் குழாய்கள் இரண்டு, முனை, திருகு பொறி, நடுவளையம், கிளிப், ரீஃபில் ஆகியவை இருக்கும். யார் வாங்கினாலும் இவை ஒன்றுபோலவே இருப்பதால், கடைபவர் தம்முடையது என்று சொல்லிக்கொள்ள எஞ்சுபவை மரம், வடிவம், மேற்பூச்சு ஆகிய மூன்றுதான். முதல் இரண்டும் பார்த்தவுடன் தெரிபவை. மூன்றாவதோ, பேனா பிறர் கைக்குப் போய்ச் சில மாதங்கள் கழிந்த பிறகே தன் குணத்தைக் காட்டும். அரக்குப் பாலிஷ், உடனே ஒட்டும் சி.ஏ. (சயனோஅக்ரிலேட்) பசை ஆகிய இரண்டு பூச்சுகளையும் பயன்படுத்திய பின், பிறருக்குக் கொடுக்கும் பேனாக்களுக்கு நான் சி.ஏ. பசையையே தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது அல்ல.

அரக்கு நமக்குப் புதிதன்று. அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான்களுக்கும் சென்னபட்டணத்து மரப் பொம்மைகளுக்கும் பளபளப்பைத் தருவது அதுதான். அங்கே அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மீது அழுத்த, உராய்வின் சூட்டில் அது உருகிப் படிகிறது. பேனா கடைபவர்கள் பயன்படுத்தும் உராய்வுப் பாலிஷ் இதன் நீர்த்த வடிவம். செல்லாக் (சுத்திகரித்த அரக்கு) செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்து, சிறிது எண்ணெய் சேர்த்து, லேத் வேகமாகச் சுழலும்போது துணியால் தேய்த்தால் சில நிமிடங்களில் மெருகு ஏறிவிடும். மூச்சை அடைக்கும் புகை இல்லை, காத்திருப்பும் இல்லை. பூவரசின் செம்பழுப்பும் ஈட்டி மரத்தின் கருங்கோடுகளும் இந்தப் பூச்சில் பெறும் ஆழம் வேறெதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. லேத்தை நிறுத்தியவுடன் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதானால் அரக்குதான் வெல்லும்.

ஆனால் பேனா லேத்தில் வாழ்வதில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நாள்தோறும் ஒரே இடத்தில் அழுத்த, வியர்வையும் சேர, மிக மெல்லிய அந்தப் படலம் பிடிக்கும் இடத்தில் முதலில் மங்குகிறது, பிறகு தேய்ந்து மரமே வெளித்தெரிகிறது. செல்லாக் ஆல்கஹாலில் கரையும் என்பதால், சானிடைசர் தடவிய ஈரக் கையோடு பேனாவை எடுப்பவர் அறியாமலேயே பூச்சைக் கரைக்கிறார். வெப்பமும் அதற்கு ஆகாது. செல்லாக் ஏறத்தாழ 75 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும், அதற்கு முன்பே இளகும். சித்திரை வெயிலில் காரின் முன்பலகையில் கிடக்கும் பேனா அந்த எல்லைக்கு வெகு தொலைவில் இருப்பதில்லை.

இதற்கு அரக்கு ஆதரவாளர்கள் சொல்லும் பதில், தேய்ந்தால் மீண்டும் பூசிக்கொள்ளலாம் என்பது. மேசைக்கும் நாற்காலிக்கும் இது முற்றிலும் உண்மை. புதிய அரக்கு பழைய அரக்கைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். பேனாவுக்குத்தான் இந்த நியாயம் செல்லாது, என் முடிவுக்கும் இதுவே காரணம். உராய்வுப் பாலிஷுக்குச் சுழற்சி வேண்டும். சுழற்ற வேண்டுமானால் பேனாவைப் பிரித்து, பித்தளைக் குழாய்மேல் மரம் ஒட்டிய உருளைகளை மீண்டும் லேத்தின் தாங்குதண்டான மேண்ட்ரலில் ஏற்ற வேண்டும். கிட்டின் பாகங்களோ பித்தளைக் குழாய்க்குள் இறுக்கமாக அழுத்திப் பொருத்தப்பட்டவை. அவற்றை உள்ளிருந்து தட்டி எடுக்கும்போது மெல்லிய மரச்சுவர் பிளக்கலாம், முலாமும் கீறுபடலாம். பிரிக்காமல் கையாலேயே தேய்த்தால் ஓரளவு பளபளப்பு வரும், லேத்தில் கிடைத்த மெருகு வராது. ஆக, அரக்கின் பெரிய பலமான மறுபூச்சு வசதி, பேனாவைக் கடைந்தவருக்கே தொல்லையானது. அதைப் பரிசாகப் பெற்ற அலுவலக நண்பருக்கோ கிட்டாதது.

சி.ஏ. பசை, அதாவது நாம் உடைந்த செருப்பையும் குடைக் கைப்பிடியையும் ஒட்டும் அதே சயனோஅக்ரிலேட், மரத்தின்மேல் ஒரு கடினமான ஒளிபுகும் ஓடாக நிற்கிறது. வியர்வைக்கும் சானிடைசருக்கும் அது எளிதில் அசைவதில்லை. பழுதுபார்ப்பிலும் அதுவே மேல் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். சிறு கீறல்கள் விழுந்தால் பேனாவைப் பிரிக்காமல், நுண்ணிய மெருகுத் தாளாலும் பிளாஸ்டிக் பாலிஷாலும் கையாலேயே தேய்த்துப் போக்கிவிடலாம், ஏனெனில் அந்த மெருகு சுழற்சியின் சூட்டில் பிறந்ததல்ல, ஓட்டின் வழவழப்பில் பிறந்தது.

இந்த ஓட்டை ஏற்றுவதுதான் கடினம். பசையின் தடிமனுக்கு இடம்விட்டு மரத்தைப் புஷிங்கின் (உருளையின் இரு முனைகளிலும் அளவு காட்டும் வளையம்) அளவைவிடச் சற்றுக் குறைவாகக் கடைய வேண்டும். இல்லாவிட்டால் உலோகப் பாகத்தோடு சேருமிடத்தில் விரலுக்குத் தட்டும். வேகத்தைக் குறைத்து, மடித்த டிஷ்யூ தாளில் சில துளிகள் விட்டு ஒரே ஓட்டமாகத் தடவ வேண்டும். பருத்தித் துணி மட்டும் கூடவே கூடாது; பசை பருத்தியோடு வினைபுரிந்து விரலைச் சுடும் அளவுக்குச் சூடாகும், புகையும். நீர்த்த பசையில் தொடங்கிச் சற்றுத் தடித்ததற்கு மாறி எட்டுப் பத்துப் படலங்கள் ஏற்றிய பின், 1500 முதல் 12000 வரையிலான (எண் கூடக்கூட நுண்மை கூடும்) மைக்ரோமெஷ் மெருகுத் தாள்களை நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். அறையில் காற்றோட்டமும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். சென்னையின் மழைக்கால ஈரப்பதத்தில் பசை அவசரமாக இறுகி, சில வேளைகளில் வெண்பூச்சும் படரும்; பசையை விரைந்து இறுகச் செய்யும் ஆக்சிலரேட்டரைத் தாராளமாகத் தெளித்தால் குமிழிகள் வரும்.

சி.ஏ. பூச்சு பெரும்பாலும் கெடத் தொடங்குமிடம் உருளையின் விளிம்பு. எஃகுப் புஷிங்கோடு பசை ஒட்டிக்கொண்டு, உருளையைப் பிரிக்கும்போது ஓட்டில் ஒரு சில்லு பெயர்ந்தால், அந்த வழியே ஈரம் புகுந்து ஓடு மெல்ல எழும்பும். அப்படி எழும்பியதை ஒட்டுப்போட முடியாது. முழுவதையும் உரித்தாக வேண்டும், அந்த நிலையில் பிரிக்கும் தொல்லை இதற்கும் உண்டு. எனவே பூச்சு வேலைக்கு மட்டும் பசை ஒட்டாத டெல்ரின் (ஒருவகைப் பிளாஸ்டிக்) புஷிங்குகளைப் பயன்படுத்துவதும், விளிம்புகளிலும் பசை தொட்டு மூடுவதும் அவசியம். ஈட்டி போன்ற எண்ணெய்ப்பசை மிக்க மரங்களை அசிட்டோனால் துடைத்துவிட்டுப் பூசுவது வழக்கம். நானும் அப்படித்தான் செய்கிறேன், ஆனால் அவ்வகை மரத்தில் பல ஆண்டுகள் கடந்த பேனா என்னிடம் இல்லாததால் அதற்கு உறுதி கூற மாட்டேன். உலராத மரம் பித்தளைக் குழாயைச் சுற்றிச் சுருங்கிப் பிளந்தால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது என்பதும் இரு தரப்புக்கும் பொது.

மரத்தைத் தொடுகிறோமா, பிளாஸ்டிக்கைத் தொடுகிறோமா என்ற குறையை நான் மறுக்கவில்லை. கண்ணாடி போன்ற பளபளப்பில் சி.ஏ. பேனா அக்ரிலிக் பேனாவைப் போலவே கையில் வழுக்குகிறது. இடையிலேயே 4000 தாளோடு நிறுத்தி மெழுகு தேய்த்தால் மங்கலான, மரத்துக்கு நெருக்கமான பிடி கிடைக்கும். எனக்கு இப்போது அதுவே பிடித்திருக்கிறது, பரிசாகப் பெறுபவர்களில் பலர் பளபளப்பையே கேட்டாலும்.

ஆளிவிதை எண்ணெய் மட்டும் பூசுவது மூன்றாவது வழி. உலர நாள்கள் ஆகும், வெளிறிய மரத்தின் நுண்துளைகளில் கையழுக்கு ஏறும், எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பற்றவும் கூடும். பேனாவுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. கருங்காலி மட்டும் இந்த வாதம் முழுவதிலிருந்தும் விலகி நிற்கிறது. அடர்ந்த நெருக்கமான இழை கொண்ட அந்த மரத்தை மைக்ரோமெஷ் 12000 வரை உலர்வாகத் தேய்த்துச் சிறிது மெழுகு மட்டும் இட்டால் போதும். பூச்சே இல்லாததால் தேய்வதற்கும் ஒன்றுமில்லை, கைபடக்கைபட மெருகு கூடவும் செய்கிறது.