ஓட்டமும் ஐந்து நிமிட மனக்கவனப் பயிற்சியும்: இரண்டு ஆண்டு அனுபவம்

பெங்களூரின் அல்சூரில் குடியிருக்கும் நான், வாரத்தில் நான்கு நாட்கள் விடியற்காலையில் கப்பன் பூங்காவில் ஓடுகிறேன். மூச்சையும் உடலில் எழும் உணர்வுகளையும் தீர்ப்பிடாமல் கவனிக்கும், மைண்ட்ஃபுல்னெஸ் எனப்படும் மனக்கவனப் பயிற்சியை அந்த ஓட்டத்தோடு சேர்த்துச் செய்யத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-ஸின் தொடங்கிய எட்டு வார மனக்கவனப் பாடத்திட்டத்தின்படி வீட்டில் நாள்தோறும் 45 நிமிடம் பயிற்சி செய்ய வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது எளிதன்று. அதனால் நான் இரண்டு சிறு பயிற்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஓடுவதற்கு முன் மூங்கில் புதர் அருகே உள்ள கல் பெஞ்சில் அமர்ந்து, வெளிமூச்சை நீளமாக விட்டு, ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுவேன். எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். இதற்கு ஐந்து நிமிடம். ஓடும்போது ஒவ்வொரு கிலோமீட்டர் முடிவிலும் தாடை, தோள், கை ஆகியவற்றை ஒரு முறை மனத்தால் தொட்டுப் பார்ப்பேன்.

முதல் ஆறு வாரங்களில் எந்தப் பலனும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள், ஆறாவது கிலோமீட்டரில், இரு கைகளிலும் கட்டைவிரலை உள்ளே மடக்கி, நகம் பதியும் அளவுக்கு இறுக்கி மூடியிருப்பதைக் கவனித்தேன். விரல்களைத் தளர்த்தியதும் தோள் இறங்கியது, மூச்சு ஆழமாயிற்று. எங்களோடு ஓடும் பெரியவர் ஒருவர், “தம்பி, தோளை இறக்குங்க” என்று பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தது எதைப் பற்றி என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

பந்தயத்தில் கிடைத்த பலன் இதைவிடப் பெரிது. பெங்களூரில் நடக்கும் உலக 10கே என்ற பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் கூட்டத்தோடு சேர்ந்து முதல் கிலோமீட்டரை மிக வேகமாக ஓடிவிட்டு, ஏழாவது கிலோமீட்டருக்குப் பிறகு நடப்பதே என் வழக்கமாக இருந்தது. சென்ற முறை தொடக்கக் கோட்டில் நின்று மூன்று நிமிடம் மூச்செண்ணினேன். மற்றவர்கள் முந்திச் சென்றபோது எழுந்த பதற்றத்தை அடக்க முயலாமல், அது எழுந்திருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு என் காலடிக்குத் திரும்பினேன். 64 நிமிடத்திலிருந்து 59 நிமிடத்துக்கு வந்தேன். அந்த ஆண்டில் வாராந்திர ஓட்ட தூரத்தையும் கூட்டியிருந்ததால், ஐந்து நிமிடக் குறைவு முழுவதையும் இப்பயிற்சியின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. ஆனால் கடைசி மூன்று கிலோமீட்டரை நடக்காமல் முடித்ததற்கு இதுவே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். விரைவோட்டப் பயிற்சி நாட்களில் மூச்சை எண்ணினால் வேகம் உடைகிறது. அந்நாட்களில் அதை விட்டுவிடுகிறேன். கைப்பேசிச் செயலியின் குரல் வழிகாட்டலுக்கு ஓராண்டு சந்தா கட்டினேன். பத்து வரை எண்ணத் தெரிந்தவருக்கு அது தேவையே இல்லை. எல்லாவற்றையும்விடக் கவலை தருவது வலியைப் பற்றிய தவறான புரிதல்தான். உணர்வைத் தீர்ப்பிடாமல் கவனிக்க வேண்டும் என்பதை வலியோடு ஓடலாம் என்று எடுத்துக்கொண்டு, கணைக்கால் எலும்பில் ஒரே இடத்தில் குத்திய வலியைப் பத்து நாட்கள் வெறுமனே கவனித்துக்கொண்டே ஓடினேன். பிறகு ஆறு வாரம் ஓடவே முடியவில்லை. தசைச் சோர்வு தசை முழுக்கப் பரவி நிற்கும், எலும்பு வலி ஒரு புள்ளியில் நின்று ஒவ்வோர் அடிக்கும் பதில் சொல்லும். இப்போது கிலோமீட்டர் முடிவில் தோளைப் பார்க்கும்போது கணைக்காலையும் சேர்த்துப் பார்க்கிறேன். அந்தப் புள்ளி தென்பட்டால், அன்றைய ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடக்கிறேன்.