வீட்டில் மாட்டிய சாதனம் பழுதானால் யாரைப் பிடிப்பது: கம்பெனியா, கடையா, மாட்டிக் கொடுத்தவரா?

ஏசி வாங்கிய மூன்றாவது மாதம், காற்று வந்தது, குளிர் வரவில்லை. கம்பெனி டெக்னீஷியன் வந்து கேஸ் அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டிப் பார்த்தார். "கேஸ் ரொம்பக் குறைஞ்சிருக்கு. இது மாட்டினவங்க தப்பு, வாரண்டியில வராது" என்றார். மாட்டியவரைக் கூப்பிட்டால், "என் வேலையில குறை இல்ல, மெஷின்லதான் கோளாறு" என்றார். கடையில் கேட்டால், "வித்ததோட எங்க வேலை முடிஞ்சது, கம்பெனியைப் பாருங்க" என்றார்கள். மூன்று வாரம் இந்த அலைச்சலிலேயே போனது. அந்த மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டதையும் அதன் பிறகு சட்டத்தைத் தேடிப் படித்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மிக்ஸி பழுதானால் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஏசி, வாட்டர் ஹீட்டர், சோலார் பேனல் எல்லாம் அப்படியில்லை. சுவரிலோ கூரையிலோ பொருத்தி, குழாயோடும் கரண்டோடும் சேர்த்த பிறகுதான் அவை முழுப் பொருளாகின்றன. அதனால் கோளாறு தொழிற்சாலையிலும் பிறந்திருக்கலாம், நம் வீட்டுச் சுவரிலும் பிறந்திருக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வாடிக்கையாளர் மாட்டிக்கொள்கிறார்.

முதலில் கம்பெனி வாரண்டி. எல்லோரும் முதலில் போவது இங்கேதான். அசல் உதிரிபாகமும் பயிற்சி பெற்ற ஆளும் அவர்களிடம் இருப்பதால், கோளாறு பொருளுக்குள்ளேயே இருந்தால் இதுதான் வேகமான வழி. ஆனால் வாரண்டி என்பது கம்பெனி தானாகக் கொடுக்கும் வாக்கு. எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்பதை எழுதுவதும் கம்பெனிதான். "10 வருட வாரண்டி" என்று பெட்டியில் பெரிதாக இருக்கும். உள்ளே படித்தால் அது கம்ப்ரஸருக்கு மட்டும். கேஸ் நிரப்புவது, கூலி, எலக்ட்ரானிக் போர்டு ஆகியவற்றுக்குத் தனிக் கணக்கு. சோலாரில் பேனலின் மின் உற்பத்திக்கு 25 வருடம் போல உறுதி தருவார்கள். இன்வெர்ட்டருக்கு அதைவிடக் குறைவு. கூரையில் துளை போட்ட இடத்தில் மழைநீர் ஒழுகினால் இரண்டிலுமே வராது. வாட்டர் ஹீட்டர் வாரண்டியில் எர்த் இணைப்பு, தண்ணீர் அழுத்தம், உப்புத் தண்ணீர் என்று நிபந்தனைகள் வரிசையாக இருக்கும். மாட்டியதில் குறை என்று ஜாப் ஷீட்டில், அதாவது டெக்னீஷியன் பார்த்ததை எழுதிக் கொடுக்கும் தாளில், ஒரு வரி எழுதிவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும்.

இரண்டாவது, கடை. நான் முதலில் போயிருக்க வேண்டிய இடம் இது. நாம் பணம் கொடுத்தது கடையிடம், ஒப்பந்தமும் கடையோடுதான். பல நாடுகளின் சட்டம் பொறுப்பை முதலில் விற்றவர் மீதுதான் வைக்கிறது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதன் பிறகு பழுது பார்த்தோ மாற்றியோ தரும்படி கேட்டால், முதல் 6 மாதத்தில் தெரியவந்த குறை விற்றபோதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். அப்போது குறை இல்லை என்பதைக் கடைதான் நிரூபிக்க வேண்டும். சிங்கப்பூரில் 2012 முதல் இதே 6 மாதக் கணக்கு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்றவரின் பொறுப்பு குறைந்தது 2 வருடம். கம்பெனி வாரண்டி இருக்கிறதோ இல்லையோ, இது தனி.

இதைவிட முக்கியம், மாட்டும் வேலையும் விற்பனை ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தால் என்ன என்பது. அப்போது தவறாக மாட்டியதையும் பொருளின் குறையாகவே பிரிட்டன், ஐரோப்பியச் சட்டங்கள் எடுத்துக்கொள்கின்றன. "மாட்டினவர் தப்பு" என்று கடை கைகழுவ முடியாது. பதித்த டைல்ஸ் பற்றிய ஒரு வழக்கையும் பாத்திரம் கழுவும் இயந்திரம் பற்றிய ஒரு வழக்கையும் சேர்த்து விசாரித்த ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், 2011இல் இன்னொன்றும் சொன்னது: குறையுள்ள பொருளை மாற்றித் தரும்போது, பழையதைக் கழற்றுவதும் புதியதை மாட்டுவதும் அல்லது அதற்கான செலவும் விற்றவர் தலையில்தான். மாற்றுப் பொருளை வாசலில் வைத்துவிட்டுப் போவது போதாது. வீட்டில் பொருத்தும் சாதனங்களுக்கு இதுதான் நியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் குறை, சேவையின் குறைபாடு இரண்டுக்கும் இடம் தருகிறது. கம்பெனி, கடை, மாட்டியவர் மூவரையும் ஒரே புகாரில் சேர்க்கலாம். நாம் குடியிருக்கும் ஊருக்கான நுகர்வோர் ஆணையத்திலேயே, காரணம் எழுந்த 2 வருடத்துக்குள் தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.

மூன்றாவது, மாட்டிக் கொடுத்தவர். தனியாக ஆள் பிடித்து மாட்டினால் கூலி குறையலாம், வேலையும் நன்றாகவே இருக்கலாம். ஆனால் கையில் பில் இருக்காது. பிரச்சினை வந்தால் தவறு அவருடையது என்று காட்டும் சுமை பெரும்பாலும் நம் மேல் விழும். காட்டவே முடியாது என்றும் இல்லை. என் விஷயத்தில் "எங்கிருந்து லீக் ஆகுதுன்னு காட்டுங்க" என்று கேட்டேன். டெக்னீஷியன் சோப்புத் தண்ணீரை ஸ்பாஞ்சில் தோய்த்து, அவுட்டோர் யூனிட்டில் செம்புக் குழாய் சேரும் நட்டின் மேல் ஒற்றினார். முதலில் ஒன்றுமில்லை. சற்று நேரத்தில் கடுகு அளவில் ஒரு குமிழி, அதன் பக்கத்தில் இன்னொன்று. அந்த இணைப்பு மாட்டும்போது செய்தது. குமிழி, தொழிற்சாலையிலேயே மெஷினுக்குள் பொருத்திய குழாய்ச் சுருளான காயிலிலிருந்து வந்திருந்தால் கம்பெனி பொறுப்பு. வெறுமனே "இன்ஸ்டலேஷன் குறை" என்று எழுதியிருந்தவரை, எந்த இணைப்பு என்றும் சேர்த்து எழுதச் சொன்னேன். குமிழியை போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

கூடுதல் பணத்துக்கு விற்கும் நீட்டிப்பு வாரண்டியைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. வழக்கமாக அது கம்பெனி வாரண்டி முடிந்த பிறகுதான் தொடங்கும். மாட்டியதில் உள்ள குறையைப் பெரும்பாலும் தொடாது. அதாவது நம் சிக்கல் எங்கே இருக்கிறதோ அங்கே அது உதவாது. அந்தப் பணத்தை நல்ல ஸ்டெபிலைசரிலும் சரியான எர்த் இணைப்பிலும் போடலாம் என்பேன்.

ஆக, பொருளும் மாட்டும் வேலையும் ஒரே பில்லில் வருமா, தனித்தனியா என்பதைத்தான் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டும். விலை கொஞ்சம் கூடினாலும் நான் ஒரே பில்லைத்தான் எடுப்பேன். "இன்ஸ்டலேஷன் இலவசம்" என்று வாயால் சொன்னால் போதாது, பில்லில் எழுதித் தர வேண்டும். இலவசம் என்று எழுதியிருந்தாலும் அது அவர்கள் ஏற்றுக்கொண்ட வேலைதான்.

என் பழைய பில்லைத் தேடி எடுத்தபோது கடைசி வரியில் "இன்ஸ்டலேஷன் இலவசம்" என்று இருந்தது. மாட்டியவரை அனுப்பியதே கடைதான் என்பது அதில் தெளிவாக இருந்தது. ஜாப் ஷீட், போட்டோ, பில் மூன்றையும் இணைத்து, ஏழு நாள் கெடு வைத்துக் கடைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஐந்தாம் நாள் வேறொருவர் வந்தார். குழாயின் நுனியை வெட்டி எடுத்து என் கையில் கொடுத்தார். நட்டுக்குள் பொருந்துவதற்காக விரித்திருந்த விளிம்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. புதிதாக நுனியை விரித்து நட்டைப் பூட்டி, வாக்குவம் பம்ப் போட்டுக் குழாயிலிருந்த காற்றை எடுத்துவிட்டு, கேஸ் நிரப்பிவிட்டுப் போனார். பணம் எதுவும் கேட்கவில்லை.