புயலில் பறந்த கூரையும் மினி லாரியில் போன சாட்சியும்

எங்கள் வீட்டு மாடிக் கூரையின் பழைய ஷீட்டுகள் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போயின. அந்தப் பணம் என் கைக்கு வரவில்லை. ஆனால் அதற்காக என் காப்பீட்டுத் தொகையில் 9,000 ரூபாய் கழிக்கப்பட்டது. இப்படியும் நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்தது. புயல் அடித்த கையோடு வாசலில் வந்து நிற்கும் ஆட்களை நம்பினால் உங்களுக்கும் நடக்கும் என்பதால் எழுதுகிறேன்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகாவது போய்த் தொலைந்ததா என்றால் இல்லை, மறுநாளும் எங்கள் தலைக்கு மேலேயே நின்றது. 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் பக்கம் ராணுவம் வந்து படகில் ஆட்களை மீட்டது. நாங்கள் இருப்பது லாஸ்பேட்டை, மேடான பகுதி. தெருவிலிருந்து தண்ணீர் வரவில்லை, மேலிருந்து வந்தது. 2021-இல் கடன் வாங்கி மாடியில் எழுப்பிய போர்ஷனின் கூரையில் 26 ஷீட்டுகள். அவற்றில் 14 போய்விட்டன. ஒன்று பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பிளந்துகொண்டு கிடந்தது. (அந்தத் தொட்டிக்கு நான்தான் கைக்காசு கொடுத்தேன். அடுத்தவர் பொருளுக்கு ஆன சேதம் என் பாலிசியில் வராது.)

மின்சாரம் இல்லை. செல்போனில் மிச்சமிருந்த சார்ஜில் என் மகள் மாடியைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்து, விழுப்புரத்தில் இருக்கும் அவள் அத்தைக்கு அனுப்பினாள். "பாருங்கள் அத்தை, வானம் தெரிகிறது" என்று அவள் சிரிப்பதுகூட அதில் பதிவாகியிருக்கிறது. அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

வங்கி கடன் கொடுத்தபோது வீட்டுக்கும் காப்பீடு எடுக்க வைத்தார்கள். பாரத் கிருஹ ரக்ஷா. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த பாலிசி அது. புயல், வெள்ளம் இரண்டும் அதில் உண்டு. திங்கட்கிழமை காலை அழைப்பு மையத்துக்குப் போன் செய்து பதிவு எண் வாங்கினேன். அதுவரை எல்லாம் சரியாகவே செய்தேன். அதோடு நின்றிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை. "சார், இன்சூரன்ஸ் வேலையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், சர்வேயர் நம் ஆள்தான்" என்றார். சேதத்தைப் பார்த்து மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்புகிறவர்தான் சர்வேயர். முன்பணம் 10,000, வரும் தொகையில் பத்து சதவீதம். கூரை போடும் காண்ட்ராக்டரையும் அவரே அழைத்து வருவாராம். கீழே சமையலறையில் பாத்திரம் வைத்து நீர் பிடித்துக்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு எண்பது வயது, ஈரத்தில் இருமிக்கொண்டிருந்தார். ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்திருந்தது. அதில் ஒரு தார்ப்பாய் வாங்கலாம், கூரை போட முடியாது. நான் சரி என்றேன். கிளெய்ம் படிவத்தில் பேனா வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். மற்ற கட்டங்கள் அத்தனையும் காலி. படித்தவன், கல்லூரி அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகப் படிவங்களோடு குப்பை கொட்டுகிறவன் நான்.

மறுநாளே நான்கு பேர் மாடியேறினார்கள். மிச்சமிருந்த 12 ஷீட்டுகளையும் கழற்றினார்கள். "பாதி பழசு, பாதி புதுசு என்றால் ஒழுகும் சார்." வளைந்த குழாய்கள், முறுக்கிக்கொண்ட ஷீட்டுகள் எல்லாம் வியாழன் மாலை ஒரு மினி லாரியில் ஏறின. இடம் அடைக்கிறதே என்று நானும் ஒரு கை பிடித்து ஏற்றிவிட்டேன். இரண்டு நாளாக ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு வந்துகொண்டிருந்தது. எடுக்க வேண்டாம், நானே பேசிவிட்டேன் என்றார் தோல் பைக்காரர். அது சர்வேயரின் எண்.

சர்வேயர் சனிக்கிழமை நேரிலேயே வந்துவிட்டார். அவர் யாருக்கும் "நம் ஆள்" இல்லை. அமைதியான மனிதர். மாடிக்கு வந்து, பளபளவென்று முக்கால்வாசி முடிந்திருந்த புதுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். "சேதம் எங்கே?" என்று கேட்டார். பழைய கூரையிலிருந்து மாடியில் மிஞ்சியிருந்தது ஒரு சாக்குப் பை மட்டும். அதில் கழற்றிப் போட்ட ஜே போல்ட்டுகள் (ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் கொக்கி ஆணிகள்), எல்லாம் துருப்பிடித்தவை. அவற்றை வரிசையாகத் தரையில் வைத்துப் படமெடுத்துக்கொண்டார். என் பக்கச் சாட்சி எல்லாம் லாரியில் போய்விட்டது, எனக்கு எதிரான சாட்சி மட்டும் சாக்கில் பத்திரமாக இருந்தது. தேய்மானத்தாலும் பராமரிப்பு இல்லாததாலும் வரும் சேதத்துக்குப் பாலிசி பணம் தராது. துரு என்றால் அவர்கள் அகராதியில் அதுதான் பொருள்.

பிறகு என் கிளெய்ம் படிவத்தை எடுத்து வாசித்தார். 26 ஷீட்டுகளும் பறந்தன, ஃபால்ஸ் சீலிங் முழுவதும் நாசம், ஒரு இன்வெர்ட்டர் எரிந்தது, மொத்தம் 2,64,000 ரூபாய் என்று யாரோ நிரப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டரே கிடையாது. கீழே என் கையெழுத்து.

அந்த நிமிடத்தில் எனக்குப் பணம் பெரிதாகத் தெரியவில்லை, பயம்தான் வந்தது. பொய்யான விவரம் கொடுத்துக் கேட்டால், உண்மையான சேதத்துக்கும் பணம் மறுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. "எல்லோரும் கொஞ்சம் ஏற்றித்தான் போடுவார்கள், அவர்கள் எப்படியும் வெட்டுவார்கள்" என்று அந்தத் தோல் பைக்காரர் சொன்னதை எத்தனை பேர் நம்பியிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் எரிகிறது. ஏற்றிப் போட்டவர் மாட்ட மாட்டார், கையெழுத்துப் போட்டவர்தான் மாட்டுவார்.

அன்று இரவே உட்கார்ந்து கைப்பட ஒரு கடிதம் எழுதினேன். பறந்தவை 14 ஷீட்டுகள், மற்ற 12 என் விருப்பத்தில் கழற்றியவை, இன்வெர்ட்டர் இல்லை, படிவத்தை நிரப்பியது நானில்லை, திருத்திய படிவம் இத்துடன் இருக்கிறது. மகளின் வீடியோவையும் அனுப்பினேன். அத்தையின் போனுக்கு அது போய்ச் சேர்ந்த தேதி, நேரம் எல்லாம் அதில் இருந்தது. எரிச்சல்பட்ட அந்த ஒன்றரை நிமிட வீடியோதான் கடைசியில் எங்களைக் காப்பாற்றியது. தோல் பைக்காரருக்கு விஷயத்தைச் சொன்னேன். அதன்பின் அவர் என் அழைப்பை எடுக்கவே இல்லை. 10,000 போயிற்று.

காண்ட்ராக்டரின் பில்லிலும் வில்லங்கம். அதிலிருந்த ஜிஎஸ்டி எண்ணை அரசு இணையதளத்தில் போட்டால் வேறு ஊரில் ஒரு பெயின்ட் கடையைக் காட்டியது. சர்வேயர்தான் அதைக் கண்டுபிடித்தார். முன்பணம் கொடுக்கும் முன் நான் செய்திருக்க வேண்டிய இரண்டு நிமிட வேலை அது.

முதலில் ஒப்புக்கொண்ட தொகை 31,200 ரூபாய். துருவுக்காகப் பெரும் வெட்டு, பழைய இரும்பின் மதிப்பு 9,000 கழிவு. "முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு ரசீதை நீட்டினார்கள். அதில் கையெழுத்துப் போட்டாலும் கூடுதலாகக் கேட்கும் உரிமை போய்விடாது என்று ஆணையம் 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இருந்தாலும் "ஆட்சேபணையுடன்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தத் தொகையும் என் கணக்குக்கு வரவில்லை. பாலிசியில் வங்கியின் பெயர் இருப்பதால் நேரே கடன் கணக்குக்குப் போயிற்று. காண்ட்ராக்டர் மீதிப் பணம் கேட்டு வாசலில் உட்கார்ந்திருக்க, நான் வங்கிக்கு நடையாய் நடந்தேன். கடன் உள்ளவர்கள் முதல் நாளே வங்கி மேலாளரிடம் இதைப் பேசிவிடுங்கள்.

பிறகு நடந்தது நீண்ட கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். சர்வே அறிக்கையின் நகலை எழுத்து மூலம் கேட்டு வாங்கினேன். கேட்டால் கொடுத்தாக வேண்டும், கேட்காதவரை யாரும் கொடுப்பதில்லை. சேதத்துக்கு முன்பிருந்த நிலைக்கு ஏறக்குறையக் கொண்டுவரும் பழுதுச் செலவைத் தருவோம் என்று பாலிசியிலேயே இருக்கும் வாசகத்தை மேற்கோள் காட்டி, 14 ஷீட்டுக்கும் அதைத் தாங்கிய இரும்புச் சட்டத்துக்கும் மட்டும் கணக்குப் போட்டு ஆட்சேபணை அனுப்பினேன். இடிபாடுகளை அகற்றும் செலவுக்கு ஒப்புக்கொண்ட தொகையில் இரண்டு சதவீதம் வரை தனியாக உண்டு. அதையும் விட்டுவிட்டிருந்தார்கள், சேர்த்துக் கேட்டேன். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு ஒரு மாதம் மௌனம் சாதித்தது. அதன்பின் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியின் அலுவலகத்துக்கு மனு. புதுச்சேரியும் காரைக்காலும் அவர்கள் வரம்புக்குள் வருகின்றன. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, நிறுவனம் மறுத்ததிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். வீடியோ வழியாக விசாரணை, இருபது நிமிடம்கூட ஆகவில்லை. மகளின் வீடியோவை ஓட்டிப் பார்த்தார்கள். முன்பு வந்ததையும் சேர்த்து 1,08,000 ரூபாய்க்கு முடிந்தது. பழைய இரும்புக்கான 9,000 மட்டும் கழித்தது கழித்ததுதான். இரும்பை நீங்களே ஏற்றி அனுப்பியிருக்கிறீர்களே என்றார்கள். பதில் சொல்ல முடியவில்லை.

சர்வேயர் தாமதமானால் என்ன செய்வது என்று ஒரு நண்பர் கேட்டார். 2024 ஜூனில் வந்த விதிப்படி, தகவல் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அறிக்கை, அறிக்கை வந்த ஏழு நாளில் முடிவு. இழுத்தடித்தால் 155255 என்ற எண்ணில் ஆணையத்திடமே புகார் சொல்லலாம். அதுவரை மழை உள்ளே வராமல் தார்ப்பாய் கட்டுங்கள், அதற்கு ரசீது வாங்குங்கள். மேலும் கெடாமல் காப்பது உங்கள் கடமையும்கூட. ஆனால் உடைந்தது, வளைந்தது, கிழிந்தது எதையும் சர்வேயர் பார்க்கும்வரை வீட்டை விட்டு வெளியே விடாதீர்கள். தெருவில் விழுந்த துண்டைக்கூடப் பொறுக்கி வந்து வையுங்கள்.

புதுக் கூரை எப்படி இருக்கிறது? பில்லில் 0.50 மில்லிமீட்டர் தடிமன். லேத் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனர் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தார், 0.35. அடுத்த ஐப்பசி மழையிலேயே முகட்டோரம் ஒழுகியது. வேறு ஆளை வைத்து முகட்டுத் தகட்டையும் இரண்டு ஷீட்டுகளையும் மாற்றினோம். கழற்றியவை மாடி மூலையில் செங்கல் வைத்து அடுக்கியிருக்கின்றன. எடைக்குக் கேட்டு இதுவரை இரண்டு பேர் வந்து போய்விட்டார்கள்.