கார்புரேட்டரா, இசியூ வச்ச இன்ஜெக்‌ஷனா?

பழைய காரை அப்படியே ஓட்டவா, இன்ஜெக்‌ஷனுக்கு மாத்திடவான்னு குழம்புறவங்களுக்கு இது. கார்புரேட்டர்னா பெட்ரோலையும் காத்தையும் கலக்குற பழைய காலத்து பாகம். இன்ஜெக்‌ஷன்னா இன்ஜெக்டர் பெட்ரோல பீச்சுறது, அத கட்டுப்படுத்துற இன்ஜின் கம்ப்யூட்டர்தான் இசியூ.

பெட்ரோல்: கார்புரேட்டர் காத்து உறிஞ்சுற வேகத்த வச்சே ஜெட்ங்கிற சின்ன ஓட்டை வழியா பெட்ரோல விடும், மலை ஏறினா காத்து லேசாகி கலவை ரிச் ஆயிடும் (காத்துக்கு பெட்ரோல் அதிகமாயிடும்), கருப்புப் புகை வரும். இசியூ ஆக்ஸிஜன் சென்சார் சொல்றத கேட்டுக்கிட்டே இன்ஜெக்டர் திறக்குற நேரத்த மில்லிசெகண்ட் கணக்குல கூட்டிக் குறைச்சு, 1 கிலோ பெட்ரோலுக்கு சுமார் 14.7 கிலோ காத்துன்னு பிடிச்சு வைக்கும்.

இக்னிஷன்: பழசுல ஸ்பார்க்குக்காக கரண்ட விட்டு வெட்டுற பாயின்ட் தேய்ஞ்சா நாமதான் கேப் வைக்கணும். இசியூல நாக் சென்சாருக்கு இன்ஜினுக்குள்ள தட்டுற சத்தம் (நாக்) கேட்டதுமே ஸ்பார்க் டைமிங்க பின்னாடி இழுத்துடும், பிஸ்டன் தப்பிச்சுடும், எனக்கு ரொம்பப் புடிச்சதே இதுதான்.

கூலிங்: பெல்ட் ஃபேன் டிராஃபிக்ல வண்டி நிக்கும்போது மெதுவாத்தான் சுத்தும். இசியூ சூடு ஏறினா மட்டும் எலக்ட்ரிக் ஃபேன போடும்.

ரிப்பேர்: கார்புரேட்டர ஸ்க்ரூடிரைவரால சரி பண்ணிடலாம். இசியூக்கு ஸ்கேனர் வேணும், ஒரு எர்த் வயர் துரு புடிச்சாலே ஆட்டம் காட்டும்.

எப்பவாச்சும் எடுக்குற, கையால பிரிச்சு மாட்ட ஆசைப்படுற வண்டின்னா கார்புரேட்டரே இருக்கட்டும். தினமும் ஓட்டணும்னா இன்ஜெக்‌ஷன், ஆனா ஹை பிரஷர் பம்பு, ஹோஸ் எல்லாத்தையும் சேத்தே மாத்துங்க.